வயிற்றிலிருக்கும் குழந்தையின் பிறவிக் குறைகளை உரிய வாரத்தில் கண்டறிவது எப்படி?

கர்ப்பத்தின் வாரக் கணக்கு கரு உருவான நாளிலிருந்து தொடங்குவதில்லை. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. மருத்துவர் 'ஆறு வாரம்' என்று எழுதும்போது கரு உருவாகி ஏறத்தாழ நான்கு வாரங்களே ஆகியிருக்கும்; நாள் தள்ளிப்போய் இரண்டு வாரமே கடந்திருக்கும். பல வீடுகளில் அப்போதுதான் பரிசோதனை அட்டையில் இரண்டு கோடுகள் தெரிந்து, மாமியாரிடம் இப்போதே சொல்லலாமா, கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்ற பேச்சு நடந்துகொண்டிருக்கும். ஆனால் அந்த ஆறாம் வாரத்துக்குள், மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறவேண்டிய நரம்புக்குழாய் மூடிக்கொள்ளும் வேலையை முடித்துவிடுகிறது. அது முழுதாக மூடாமல் நின்றுவிட்டால், மேற்பகுதியில் மண்டையோடும் மூளையும் வளராத நிலையோ, முதுகுப் பகுதியில் தண்டுவடப் பிளவோ உண்டாகிறது. முதன்முறை மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளில் பெரும்பாலும் இவ்வளவும் நடந்து முடிந்திருக்கும்.

கர்ப்பகாலப் பரிசோதனைகளில் பெரும்பாலானவற்றுக்கும் இப்படி ஒரு வாரக் கெடு உண்டு. கெடு தவறிய சோதனையை எவ்வளவு பணம் கட்டினாலும் பின்னால் செய்துகொள்ள முடியாது. பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பேருக்குக் கவனிக்கத்தக்க பிறவிக் குறை ஏதேனும் இருக்கிறது. அவர்களுடைய பெற்றோரில் பெரும்பாலோர் குடும்பத்தில் அப்படி யாரும் இல்லாதவர்கள். ஆகவே 'எங்கள் பரம்பரையில் இல்லை' என்பது சோதனையைத் தவிர்க்கக் காரணமாகாது. தமிழ்நாட்டில் ஒரு தம்பதி இந்த வாரங்களை எப்படிக் கடக்கலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

கருத்தரிக்கும் முன்பே செய்யவேண்டியவை

நரம்புக்குழாய்க் குறைபாட்டைத் தடுக்கும் எளிய வழி ஃபோலிக் அமில மாத்திரை. ஏற்கெனவே இக்குறையுள்ள குழந்தையைச் சுமந்த பெண்களிடம் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வு 1991-இல் வெளியானது. மாத்திரை எடுத்தவர்களிடம் இக்குறை மீண்டும் வருவது ஏறத்தாழ 72 விழுக்காடு குறைந்திருந்தது. குழந்தைக்குத் திட்டமிடும் எல்லாப் பெண்களும் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பிருந்து, முதல் மூன்று மாதம் முடியும்வரை நாள்தோறும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ள வேண்டும். முன்பு இக்குறையுள்ள கரு உருவாகியிருந்தாலோ, வலிப்பு மருந்து உட்கொண்டாலோ, கர்ப்பத்துக்கு முன்பே சர்க்கரை நோய் இருந்தாலோ மருத்துவர் அளவைப் பத்து மடங்குக்கு மேல் உயர்த்தி, நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் 5 மில்லிகிராம் மாத்திரையை எழுதித் தருவார்.

வலிப்புக்குத் தரப்படும் வால்புரோயேட் மருந்தைக் கர்ப்பத்தில் தொடர்ந்தவர்களின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிறவிக் குறை காணப்படுகிறது. அதற்காக மருந்தைத் தாமாகத் திடீரென நிறுத்துவது அதைவிட ஆபத்தானது. கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரிடம் சென்று வேறு மருந்துக்கு மாறிக்கொள்ள வேண்டும். முகப்பருவுக்குத் தரப்படும் ஐசோட்ரெடினோயின் மாத்திரையையும் கருத்தரிப்பதற்கு ஒரு மாதமாவது முன்பு நிறுத்தியிருக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5-க்குக் கீழே கொண்டுவந்த பிறகு திட்டமிடுவது நல்லது. அது 10-ஐத் தாண்டி நிற்கும்போது கருத்தரிப்பதை ஒத்திப்போடச் சொல்வார்கள். குழந்தையின் இதயமும் முதுகெலும்பும் உருவாகும் வாரங்களில் தாயின் இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை அவற்றை நேராகப் பாதிக்கிறது என்பதே இதற்குக் காரணம்.

ரூபெல்லா எனும் ஜெர்மன் அம்மை தாய்க்கு இரண்டு மூன்று நாள் சொறியோடு போய்விடும். முதல் மூன்று மாதத்தில் வந்தால் குழந்தையின் கண்ணையும் காதையும் இதயத்தையும் கெடுத்துவிடும். ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல், பிறவிக் கண்புரையோடு வந்த குழந்தைகளின் தாய்மாரை விசாரித்தே இத்தொடர்பைக் கண்டுபிடித்தார். இதற்குத் தடுப்பூசி இருக்கிறது. ஆனால் கர்ப்பமான பிறகு போட முடியாது. போட்ட பின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்.

சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் இவ்விடத்தில் கூடுதலாக நின்று கவனிக்க வேண்டும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 28 விழுக்காடு திருமணங்கள் உறவுக்குள் நடந்தவை. அத்தை மகன், மாமன் மகள் உறவில் பிறவிக் குறைக்கான வாய்ப்பு பொதுவான இரண்டு மூன்று விழுக்காட்டிலிருந்து நான்கு முதல் ஆறாக உயர்கிறது. அக்காள் மகளை மணந்த தாய்மாமன் வகையில் இரத்த உறவு இன்னும் நெருக்கம். இந்த எண்ணை முழுதாகப் படிக்க வேண்டும்: உறவில் மணந்தவர்களிலும் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேருக்குக் குழந்தை நலமாகவே பிறக்கிறது. ஆகவே பயமுறுத்துவது தேவையில்லை. திருமணத்துக்குப் பின் மரபியல் ஆலோசகரிடம் ஒருமுறை உட்கார்ந்து, இரு பக்கத்திலும் சிறு வயதில் இறந்தவர், காது கேளாதவர், மனவளர்ச்சி குன்றியவர் யார் யார் என்று மூன்று தலைமுறைக் குடும்பப் படம் வரைவதே தேவை. பாட்டியை உடன் அழைத்துச் சென்றால் படம் விரைவில் நிரம்பும்.

தலசீமியா, அரிவாள் செல் சோகை ஆகிய பரம்பரை இரத்த நோய்களை இருவரின் இரத்தத்தையும் பரிசோதித்து அறியலாம். நீலகிரிப் பழங்குடிகளிடம் அரிவாள் செல் இருப்பது 1952 முதலே அறியப்பட்டது. கணவனும் மனைவியும் தமக்கு நோய் இல்லாமலே ஒரே குறையை மரபணுவில் சுமப்பவர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு நோயுள்ள குழந்தைக்கு உண்டு. 'முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றுக்கு வராது' என்று அதற்குப் பொருளில்லை.

பதினொன்றிலிருந்து பதினான்கு வாரத்துக்குள்

கர்ப்பம் உறுதியானதும் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவுசெய்து, பிக்மி எனப்படும் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதோடு முதல் முக்கியமான ஸ்கேனுக்குத் தேதி குறித்துக்கொள்ள வேண்டும். இதை என்.டி. ஸ்கேன் என்பார்கள். பதினொரு வாரம் முடிந்ததிலிருந்து பதின்மூன்று வாரம் ஆறு நாள்வரை மட்டுமே, அதாவது தலை முதல் பிட்டம் வரை குழந்தையின் நீளம் 45 முதல் 84 மி.மீ.க்குள் இருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய முடியும். ஊரில் திருவிழா, வீட்டில் கிரகப்பிரவேசம் என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டு, நீளம் 86 மி.மீ. ஆகிவிட்டதென்று திரும்பி வந்தவர்கள் பலர்.

இந்த ஸ்கேனில் குழந்தையின் பிடரித் தோலுக்கடியில் தேங்கியுள்ள நீரின் தடிமனை அளக்கிறார்கள். அது 3.5 மி.மீ.யைத் தொட்டால், மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களில் மாற்றமோ இதயக் குறையோ இருக்கக்கூடும் என்று மேல்சோதனைக்கு அனுப்புவார்கள். மண்டையோடு உருவாகியிருக்கிறதா, கைகால்கள் இருக்கின்றனவா, வயிற்றுச் சுவர் மூடியிருக்கிறதா என்பவையும் இப்போதே தெரியும். அதே நாளில் எடுக்கும் டபுள் மார்க்கர் இரத்தச் சோதனையையும், தாயின் வயதையும், ஸ்கேன் அளவையும் சேர்த்துக் கணினி ஒரு விகிதத்தைத் தரும்.

அந்த விகிதத்தை வாசிக்கத் தெரியாமல்தான் பல குடும்பங்கள் இரவெல்லாம் அழுகின்றன. அறிக்கையில் சிவப்பு எழுத்தில் 'டவுன் சின்ட்ரோம்: அதிக அபாயம், 1:180' என்று அச்சாகியிருக்கும். குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் மனவளர்ச்சி குன்றும் பிறவி நிலையே டவுன் சின்ட்ரோம். இதே எண் வந்த 180 தாய்மாரை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்தால், அவர்களில் 179 பேரின் குழந்தைக்கு அக்குறை இருக்காது, ஒருவரின் குழந்தைக்கு இருக்கும் என்பதே அதன் பொருள். பெரும்பாலான ஆய்வகங்கள் 1:250 என்ற இடத்தில் கோடு போடுகின்றன. கோட்டுக்கு மேலே, அதாவது 250-ஐவிடச் சிறிய எண்ணோடு வந்தவர்களை மேல்சோதனைக்கு அழைப்பதற்காகப் போட்ட கோடு அது, தீர்ப்பு அன்று. ஸ்கேனும் இரத்தமும் சேர்ந்த சோதனை டவுன் சின்ட்ரோமுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 85 முதல் 90 பேரைப் பிடிக்கும். அதற்கு விலையாக, நலமான நூறு கர்ப்பங்களில் ஏறத்தாழ ஐந்தையும் தவறாக எச்சரிக்கும். கோட்டுக்குக் கீழே வந்தவர்கள் முழு உத்தரவாதம் பெற்றுவிட்டதாக நினைப்பதும் அதே தவறின் மறுபக்கம்.

தாயின் வயதும் கணக்கில் வருகிறது. இருபத்தைந்து வயதில் 1,250-க்கு ஒன்றாக இருக்கும் டவுன் வாய்ப்பு முப்பத்தைந்தில் 350-க்கு ஒன்றாகவும் நாற்பதில் 100-க்கு ஒன்றாகவும் ஏறுகிறது.

ஸ்கேன் அறைக்குள் போகும் முன் படிவம் எஃப்-இல் கையெழுத்துக் கேட்பார்கள். குழந்தை ஆணா பெண்ணா என்று அறிய விரும்பவில்லை என்ற உறுதிமொழி அது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் குற்றம்.

ஐந்தாம் மாத ஸ்கேன்

பதினெட்டு முதல் இருபது வாரத்துக்குள் எடுக்கும் அனாமலி ஸ்கேன்தான் பிறவிக் குறைகளைத் தேடுவதற்கென்றே உள்ள சோதனை. இதற்குச் சாப்பிட்டுவிட்டே போகலாம். குழந்தை குப்புறத் திரும்பிப் படுத்திருந்தால் 'கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள்' என்று வெளியே அனுப்புவார்கள். இரண்டு மூன்று முறை அனுப்பினாலும் அதில் கவலைக்கு இடமில்லை. தாயின் வயிற்றுச் சுவர் தடித்திருந்தால் படம் மங்கும், மறுவாரம் வரச் சொல்வார்கள்.

மருத்துவர் தலையிலிருந்து இறங்கிவருவார். மண்டையோடு நீள்வட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் எலுமிச்சம்பழம்போல் குறுகியிருந்தாலோ, சிறுமூளை வாழைப்பழம்போல் வளைந்திருந்தாலோ முதுகில் பிளவு இருக்கிறதென்று ஐயம் கொண்டு தண்டுவடத்தை வரிவரியாகப் பார்ப்பார். மூளையின் நீரறை 10 மி.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். பிறகு உதடு, இதயத்தின் நான்கு அறைகள், அதிலிருந்து புறப்படும் இரு பெருங்குழாய்கள், உதரவிதானம், இரைப்பை, சிறுநீரகங்கள், கைகால் எலும்புகள், பாதத்தின் வளைவு, தொப்புள்கொடியிலுள்ள இரத்தக் குழாய்கள், நச்சுக்கொடியின் இடம், பனிக்குட நீரின் அளவு என்று போகும். சர்க்கரை நோயுள்ள தாய்க்கும், முந்தைய குழந்தைக்கு இதயக் குறை இருந்தவர்களுக்கும் இதோடு குழந்தையின் இதயத்துக்கெனத் தனி எக்கோ பரிசோதனையைச் சொல்வார்கள்.

இந்த ஸ்கேனுக்குத் தெரியாதவை எவை என்பதையும் தெரிந்துகொண்டே போக வேண்டும். கேட்கும் திறனும் பார்க்கும் திறனும் திரையில் தெரியாது. உதடு பிளவுபடாமல் அண்ணம் மட்டும் பிளந்திருந்தால் பெரும்பாலும் தப்பிவிடும். இதயத்தின் சிறு ஓட்டைகளும் அப்படியே. சில எலும்பு வளர்ச்சிக் குறைகளும் தலை சிறுத்துப்போவதும் ஏழாம் மாதத்துக்குப் பிறகே வெளிப்படும்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் பலரைத் திகைக்கவைக்கும் வரி ஒன்று உண்டு: 'இடது வெண்ட்ரிக்கிளில் எக்கோஜெனிக் ஃபோகஸ்.' இதயம் என்ற சொல்லைப் பார்த்ததும் வீட்டில் அடுப்பு அணைந்துவிடும். இதயத் தசையில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவதுதான் அது. இதய நோய் அன்று, இதயத்தின் வேலையையும் கெடுப்பதில்லை. நலமான குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரிடம் காணப்படுகிறது. மூளையில் தெரியும் கோராய்ட் பிளெக்ஸஸ் நீர்க்கட்டியும் இந்த வகைதான். பெரும்பாலும் ஏழாம் மாதத்துக்குள் தானாக மறைந்துவிடும். இவற்றை 'மென் குறிகள்' எனலாம். முதல் ஸ்கேனும் இரத்தச் சோதனையும் நல்லபடி வந்து, இவற்றில் ஒன்று மட்டும் தனியாகத் தெரிந்தால் பொதுவாக மேல்சோதனை தேவைப்படாது. மூக்கெலும்பு இல்லாதது, பிடரித் தோல் 6 மி.மீ. அல்லது அதற்குமேல் தடித்திருப்பது, மூளை நீரறை விரிந்திருப்பது ஆகியவற்றுக்கு எடை அதிகம். ஆகவே மருத்துவரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வி 'குறை இருக்கிறதா?' என்பதன்று, 'இது குறையா, குறியா? தனியாக இருக்கிறதா, வேறொன்றோடு சேர்ந்திருக்கிறதா?' என்பதுதான்.

ஐயத்தை உறுதிசெய்வது

தாயின் இரத்தத்தில் மிதக்கும் நச்சுக்கொடியின் டி.என்.ஏ.வை ஆராயும் நிப்ட் சோதனையைப் பத்தாம் வாரத்திலிருந்து செய்யலாம். டவுன் சின்ட்ரோமைப் பொறுத்தவரை நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு பிடித்துவிடும். விலை அதிகம் என்பதாலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். தண்டுவடப் பிளவையும் இதய ஓட்டையையும் அது சொல்லாது. அதன் முடிவு பாதகமாக வந்தாலும் அதை மட்டும் நம்பிக் கர்ப்பத்தைக் கலைக்கக் கூடாது. அது படிப்பது நச்சுக்கொடியை, குழந்தையை அன்று.

உறுதியான விடை தருவது கருப்பையிலிருந்து நேரடியாக எடுத்து ஆராயும் செல்களே. பதினொன்றிலிருந்து பதினான்கு வாரத்துக்குள் நச்சுக்கொடித் திசுவிலிருந்தும், பதினைந்து வாரம் முடிந்தபின் பனிக்குட நீரிலிருந்தும் அவற்றை எடுக்கிறார்கள். பனிக்குட நீர் எடுக்கும்போது ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் செலுத்தி 15 முதல் 20 மில்லி நீரை உறிஞ்சுவார்கள். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் என்றால், குழந்தையின் இரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் திரும்பாமல் தடுக்கும் ஆன்டி–டி ஊசியை அன்றே போட நினைவூட்ட வேண்டும். ஊசியினால் கர்ப்பம் கலையும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. முக்கியக் குரோமோசோம்களின் விரைவு முடிவு சில நாளில் வரும். முழு ஆய்வுக்கு இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். அனாமலி ஸ்கேனை இருபது வாரத்துக்கு முன்பே முடிக்கச் சொல்வதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம்.

குறை உறுதியானால்

முதலில், அன்றே முடிவெடுக்க வேண்டாம். வயிற்றிலிருக்கும் குழந்தைக்கான சிசு மருத்துவ நிபுணர், மரபியல் ஆலோசகர் ஆகியோரோடு, அந்தக் குறையைப் பிறந்தபின் சிகிச்சை செய்யப்போகும் குழந்தை அறுவைச் சிகிச்சை நிபுணரையும் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னவரை யாரும் தாமாகப் பரிந்துரைப்பதில்லை. நாமே கேட்க வேண்டும். ஏனெனில் திரையில் அச்சமூட்டும் குறைகளுள் பல அவர் கைக்குச் சாதாரணம். வளைபாதம் பொன்செட்டி முறையில் வாரந்தோறும் கட்டு மாற்றிச் சீராக்கப்படுகிறது. உதட்டுப் பிளவைச் சில மாதங்களில் தைத்துவிடுகிறார்கள். இதயத்தின் பெருங்குழாய்கள் இடம் மாறியிருந்தால், குழந்தை இதய அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தைத் திட்டமிடுவதே உயிரைக் காக்கும். இரட்டையருக்கிடையே இரத்தம் ஒருபக்கமாக ஓடினால் கருப்பைக்குள்ளேயே லேசர் சிகிச்சை உண்டு.

பிழைக்க வழியில்லாத குறைகளும் இருக்கின்றன. 2021-இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 20 முதல் 24 வாரம்வரை இரு மருத்துவரின் கருத்தும் போதும். 24 வாரத்துக்குப் பிறகு கடுமையான சிசுக் குறைபாடு என்று மருத்துவ வாரியம் உறுதிசெய்தால் வார வரம்பு இல்லை. விண்ணப்பம் வந்த மூன்று நாளுக்குள் வாரியம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சம்மதமே சட்டம் கேட்பது. கணவரின் கையெழுத்தோ மாமனாரின் கையெழுத்தோ அன்று. கர்ப்பத்தைத் தொடர்வதென்று அவள் முடிவெடுத்தாலும் அதே மரியாதை அவளுக்கு உரியது.

இந்த நாள்களில் வீட்டுக்கு வருகிறவர்கள் கிரகணத்தன்று காய் நறுக்கியதையும் பப்பாளி தின்றதையும் எடுத்துப் பேசுவார்கள். உதடு இணைந்து முடிவது மூன்றாம் மாதம் நிறைவதற்கு முன்பே. ஆறாம் மாதத்தில் வந்த கிரகணம் எதைப் பிளக்கும்? பேச்சை நிறுத்தும் பொறுப்பைக் கணவர் எடுத்துக்கொள்வது நலம்.

ஆறாம் மாதத்துக்குப் பிறகு

ஸ்கேன் நல்லபடி முடிந்தால் எல்லாம் முடிந்துவிட்டது என்றில்லை. தாய் ஆர்.எச். நெகட்டிவ், தந்தை பாசிட்டிவ் என்றால் 28-ஆம் வாரத்தில் ஒருமுறையும், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் மறுமுறையும் ஆன்டி–டி போட வேண்டும். தவறினால் தாயின் உடல் அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களை அழிக்கும். அந்நிலையில் 1963-இல் நியூசிலாந்து மருத்துவர் வில்லியம் லைலி தொடங்கிவைத்த முறையில் கருப்பைக்குள்ளேயே இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். 28 வாரத்துக்குப் பின் நாள்தோறும் உணவுக்குப் பிறகு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து அசைவுகளை எண்ணலாம். இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றால், இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறந்தபின், மூன்றாம் நாள் வாக்கில் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தத்தில் தைராய்டு அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். எந்த ஸ்கேனிலும் தெரியாத பிறவித் தைராய்டு குறைவை அது காட்டும். இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் மூளை வளர்ச்சி காக்கப்படும். வேறு குறையுள்ள குழந்தைகளை அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்தில் காட்டலாம்.

கர்ப்பம் கலைந்தோ கலைக்கப்பட்டோ போயிருந்தால், அந்தத் துயரத்திலும் ஒன்றை மறக்காமல் கேட்டுக்கொள்ள வேண்டும்: திசுவை மரபணு ஆய்வுக்கு அனுப்பி, முடிவை எழுத்தில் பெறுவது. டவுன் சின்ட்ரோம் என்றால் தனிக் குரோமோசோம் கூடுதலாக இருந்ததா, வேறொன்றோடு ஒட்டியிருந்ததா என்பதை அந்தத் தாள்தான் சொல்லும். முன்னதென்றால் இளம் தாய்க்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. பின்னதென்றால் பெற்றோர் இருவரின் குரோமோசோமையும் பரிசோதித்த பிறகே அடுத்த குழந்தைக்குத் திட்டமிட வேண்டும்.